பார்க்கலாம்

அன்புள்ள ஐயா,

பள்ளி ஆசிரியர் நான். தெருச் சங்கத்தில் பொருளாளர், சித்திரைத் திருவிழாவுக்கு மண்டகப்படிக் கணக்கு, மாலையில் டியூஷன், தங்கை மகளின் கல்யாண வேலை, போதாததற்கு நண்பரின் புத்தகத்துக்குப் பிழை திருத்தம். எல்லாம் நானே ஒப்புக்கொண்டவை. ஒன்றும் உருப்படியாக முடியவில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

க., திருமங்கலம்

அன்புள்ள க.,

சமாளிக்கிறேன் என்று யார் சொன்னது? ஒரு வைகாசியில் கோயில் மலருக்குக் கட்டுரை, ஒரு நூலுக்கு முன்னுரை, ஒரு கூட்டத்தில் பேச்சு என்று ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டிருந்தேன். நடுவில் மைத்துனர், மகளின் கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்கச் சொன்னார். ‘கொடுங்கள், பார்க்கலாம்’ என்றேன். டவுன் ஹால் ரோடு டீக்கடையில் நின்றபடியே பெரியப்பா, சித்தப்பாக்களின் இனிஷியலையெல்லாம் திருத்தினேன். வெள்ளிக்கிழமை வியாழக்கிழமையாகியிருந்தது மட்டும் கண்ணில் படவில்லை. 600 பத்திரிகை. மைத்துனர் வீட்டுக் கூடத்தில் மைதாப் பசை காய்ச்சி வைத்து, ‘வெள்ளிக்கிழமை’ என்று அச்சடித்த துண்டுகளை இரவு ஒரு மணி வரை ஒட்டினார்கள். என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. காபி கொடுத்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நம் பக்கத்தில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டோம்; பார்க்கலாம் என்போம். சொல்பவருக்கு அது நழுவும் வழி. கேட்டவருக்கோ வாக்கு. வேறு ஆள் தேடாமல் நம் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். முடியாது என்றிருந்தால் அன்று முகம் சுண்டியிருக்கும். மறுநாளே இன்னொருவரைப் பிடித்திருப்பார்.

மண்டகப்படிக் கணக்கு எழுதுகிற உங்களுக்கு அழகர் கதை தெரியாததல்ல. அழகர்கோயிலிலிருந்து மதுரைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். எல்லாவற்றிலும் நின்று வருகிறார். வைகைக்கு வந்து சேர்வதற்குள் தங்கை மீனாட்சியின் கல்யாணம் முடிந்துவிடுகிறது. கோபித்துக்கொண்டு வண்டியூருக்குப் போய்விடுகிறார். (தாமதமாக வந்தவரே கோபித்துக்கொள்வதும் நம் ஊர் வழக்கம்தான்.) அவர் தாமதத்துக்கு ஊரே திரண்டு விழா எடுக்கிறது. உங்களுக்கும் எனக்கும் யார் பந்தல் போடுவார்கள்?

டியூஷன் பிள்ளைகளைத் தேர்வு வரை விட்டுவிடாதீர்கள். சங்கத்து ரசீதுப் புத்தகத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையே செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். நண்பரின் புத்தகக் கட்டை இன்னும் பிரித்தே பார்த்திருக்க மாட்டீர்கள்; அப்படியே திருப்பிக் கொடுங்கள். மண்டகப்படி இருக்கட்டும், அது ஒரு நாள் காரியம். கல்யாணத்தில் நீங்கள் தாய்மாமன், அதை வேறு யாரும் செய்ய முடியாது. பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிழமையைப் பாருங்கள். என்னிடம் அனுப்ப வேண்டாம்.