மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கும் ஈ.பி.எஃப். உண்டா?

கேள்வி: ஐயா, நான் களுவாஞ்சிகுடியில் புடவைக்கடை வைத்திருக்கிறேன். விற்பனைக்கு இரண்டு பிள்ளைகள், தையலுக்கு ஒருவர். யாருக்கும் நியமனக் கடிதம் கொடுத்ததில்லை. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பிடிக்கட்டுமா என்று தொடக்கத்திலேயே கேட்டேன். "வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் தாங்க" என்று அவர்களேதான் சொன்னார்கள். மூன்று வருடம் நின்ற ஒரு பிள்ளை கலியாணம் முடித்து விலகிவிட்டா. இப்போது தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறா; விசாரணைக்கு வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. சின்னக் கடைக்கும் இதெல்லாம் பொருந்துமா? அந்தப் பிள்ளை சம்மதித்ததைச் சொன்னால் போதாதா? பாடசாலை லீவில் அக்காவின் மகனும் (15 வயது) கடையில் வந்து நிற்கிறான். அதிலும் பிரச்சினை வருமா?

பதில்: பொருந்தும். சம்மதித்தா என்று சொல்வது போதாது.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் கடையின் அளவைப் பார்ப்பதில்லை. ஒரேயொருவரை வைத்தாலும், பழகும் காலம் என்று வைத்தாலும், நாட்கூலிக்கு வைத்தாலும் முதல் நாளிலிருந்து பங்களிப்புக் கட்டவேண்டும். முதல் ஆளை எடுத்து 14 நாட்களுக்குள் கடையைத் தொழில் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும். குடும்பத்தவர் மட்டுமே நின்று நடத்தும் கடைக்கு விலக்கு உண்டு. உங்களிடம் நிற்கும் மூவரும் வெளியாட்கள், ஆகவே அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

சம்மதம் என்ற கதை மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளில் அடிக்கடி கேட்பதுதான். முதலாளிமார் பலர் அதை உண்மையாகவே நம்பியும் இருக்கிறார்கள். ஆனால் ஈ.பி.எஃப். அந்தப் பிள்ளை வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கக்கூடிய ஒன்றல்ல, சட்டம் உங்கள் தலையில் வைத்த கடமை. முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாலும் செல்லாது. விசாரணையில் "அவதான் வேண்டாம் என்றா" என்று நீங்கள் சொன்னால், கட்டவில்லை என்பதை உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகத்தான் முடியும்.

காசுக் கணக்கைப் பார்ப்போம். மாதச் சம்பளம் 30,000 ரூபா என்று வையுங்கள். ஊழியரின் 8 சதவீதம் 2,400 ரூபா. அது அவரது சம்பளத்தில் பிடிப்பது. உங்கள் 12 சதவீதம் 3,600 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.ரி.எஃப்.புக்கு, 3 சதவீதம், 900 ரூபா. இதை ஊழியரிடம் பிடிக்கக்கூடாது. இரண்டையும் அடுத்த மாத முடிவுக்குள் கட்டிவிட்டால் உங்கள் கையிலிருந்து போவது மாதம் 4,500 ரூபா.

கட்டாமல் விட்டால் முதல் அடி அந்த 8 சதவீதத்தில் விழுகிறது. அந்தந்த மாதச் சம்பளத்தில் பிடிக்காத பங்கைப் பிறகு ஊழியரிடம் கேட்க முடியாது. முழு 20 சதவீதமும், 6,000 ரூபாவும், உங்கள் பொறுப்பு. அதன்மேல் மேலதிகக் கட்டணம்: பத்து நாள் பிந்தினால் 5 சதவீதம், பிந்தப் பிந்த ஏறி, ஒரு வருடம் தாண்டினால் 50 சதவீதம். ஆகவே இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு மாதத்துக்கு இன்று 9,000 ரூபா வரும். அன்றே கட்டியிருந்தால் ஈ.பி.எஃப்.புக்கு உங்கள் பங்கு 3,600 தான். ஈ.ரி.எஃப். நிலுவைக்கும் தனியாக மேலதிகக் கட்டணம் உண்டு. இவ்வளவுக்கும் கட்டாமல் இழுத்தடித்தால் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே தண்டப்பணம் போல அறவிடுவார்கள்.

இன்னொன்று. பங்களிப்பைக் கணக்கிடும்போது "உழைப்பு" என்பதில் அடிப்படைச் சம்பளம் மட்டும் அடங்காது. கொமிஷன் அடங்கும், துண்டுக்கணக்கில் தைப்பதற்குக் கொடுக்கும் கூலி அடங்கும், நீங்கள் கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் அடங்கும், சமைத்துக் கொடுத்தாலும் அரிசியாகக் கொடுத்தாலும். எங்கள் பக்கத்தில் பகல் சோற்றைக் கடைக்காரர் வீட்டிலிருந்தே அனுப்புவது வழக்கம். அதைச் சம்பளமாக யாரும் நினைப்பதில்லை, சட்டம் நினைக்கிறது. ஓ.ரி. (மேலதிக நேர வேலை) காசுக்கு மட்டும் ஈ.பி.எஃப். இல்லை. உங்கள் தையற்காரருக்கு உருப்படிக் கணக்கில் கொடுக்கிறீர்கள் என்றால் அவரையும் இதே கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். சம்பளம் கொடுத்த கொப்பி, வரவுக் கொப்பி, வங்கிச் சீட்டு, வியாபாரப் பதிவு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். இல்லாத பதிவேட்டை இன்றிரவு உட்கார்ந்து எழுதவேண்டாம். மூன்று வருட வரவு ஒரே பேனையில், ஒரே சாய்வில், ஒரு சோற்றுக்கறைகூட இல்லாமல் இருந்தால் அதைப் பார்க்கும் உத்தியோகத்தருக்கு விளங்காதா? அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கையில் ஏதாவது வைத்து முறைப்பாட்டை மீளப்பெறச் சொல்வதும் வேண்டாம். நேரடியாகக் கொடுத்த காசு நிதிக்குக் கட்டியதாக ஆகாது. திரும்பவும் கட்டவேண்டி வரும். ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால் அதைச் சொல்லித் தவணை கேட்டு எழுத்தில் கொடுங்கள்.

இப்போது நிற்பவர்களை இந்த மாதமே பதியுங்கள். "கையில் தாங்க" என்று அவர்கள் திரும்பவும் சொல்வார்கள். 50 வயதுக்கு முன் தொட முடியாத காசு என்று பெண் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கலியாணம் முடித்து வேலையை விடும் பெண் அந்தக் காசை எடுக்கலாம் என்று சொல்லுங்கள், முகம் மாறும். முறைப்பாடு கொடுத்த பிள்ளைக்கு இதை யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலும்.

விசாரணை என்று வந்தால் ஈ.பி.எஃப்.போடு நிற்காது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டமும் உங்கள் கடைக்குப் பொருந்தும். நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. காலை 9 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்குப் பூட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தால் நாளுக்கு 10; ஆறு நாளைக்கு 60. ஆக 15 மணித்தியாலம் கூடுதல், சட்டம் அனுமதிக்கும் மேலதிக நேரமோ கிழமைக்கு 12 தான். அதற்கும் ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும்: 30,000 ரூபாவை 240ஆல் வகுத்தால் 125, அதன் ஒன்றரை மடங்கு மணிக்கு 187.50 ரூபா. கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு என்றும் சட்டம் சொல்கிறது. அந்த அரை நாளைக் கொடுக்கும் கடையை எங்கள் கடைத்தெருக்களில் தேடித்தான் பிடிக்கவேண்டும். எல்லாரையும் ஒரே நாளில் அனுப்பத் தேவையில்லை, ஆளுக்கொரு நாளாகப் பிரித்தால் கடையும் ஓடும்.

போயா நாளிலும் ஓய்வு. வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு. சட்டம் குறித்த சம்பள விடுமுறைகள் வருடத்தில் எட்டு: தைப்பொங்கல், சுதந்திர தினம், புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக்குக்கு அடுத்த நாள், மீலாத், நத்தார். தீபாவளியும் நோன்புப் பெருநாளும் இதில் இல்லை! யாரும் கொடுக்காமல் இருப்பதில்லை என்பது வேறு கதை. தீபாவளிக்கு முந்திய கிழமை இரவிரவாகக் கடை திறந்திருப்பது வழக்கம் என்றால், பெண்களை இரவில் வேலைக்கு வைப்பதற்குத் தனி வரையறைகள் இருக்கின்றன. சீசன் தொடங்கமுதல் தொழில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. பேறுகால லீவு 84 நாள், முழுச் சம்பளத்தோடு, எத்தனையாவது பிள்ளை என்றாலும். கிழமை லீவும் போயாவும் அந்த 84இல் சேராது.

நியமனக் கடிதம் வேலைக்குச் சேரும் அன்றே கொடுக்கவேண்டியது. இரண்டு பக்கம் போதும். பதவி, சேர்ந்த தேதி, அடிப்படைச் சம்பளம், சம்பளம் கொடுக்கும் நாள், வேலை நேரம், லீவு, ஓ.ரி. வீதம், ஈ.பி.எஃப்., விலகும் நிபந்தனை எல்லாம் அவருக்கு விளங்கும் மொழியில் இருக்கட்டும். ஒரு பிரதியில் அவரது கையெழுத்தை வாங்கி நீங்கள் வையுங்கள். நாளைக்கு யாரையாவது நிறுத்த நேர்ந்தால் இந்தக் கடிதமும், பிழை செய்தபோது கொடுத்த எச்சரிக்கைக் கடிதங்களும்தான் பேசும். மூன்று பேர் கடை என்றாலும் நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். பணிக்கொடைச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்குத்தான் என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. 15 பேருக்குக் குறைந்த இடத்தில் நின்றவர் அதையும் தொழில் நியாய சபையில் கேட்கலாம்.

அக்காவின் மகன் விடயம்: 2021இல் வந்த திருத்தத்தோடு வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக்குறைந்த வயது 16. லீவு நாள், சொந்தப் பிள்ளை, சம்பளம் கொடுப்பதில்லை என்பதெல்லாம் பில் எழுதிக்கொண்டு நிற்பவனைக் காணும் உத்தியோகத்தரிடம் எடுபடாது. விசாரணைத் தேதிக்கு முன்பே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.