டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை சுருங்குகிறது, அடுத்து என்ன படிப்பது?

கேள்வி: எனக்கு 37 வயது. பி.எஸ்ஸி. விலங்கியல் படித்திருக்கிறேன். திருச்சியில் 13 வருடமாக மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் ஆடியோவைக் கேட்டு டைப் செய்வோம். இப்போது சாஃப்ட்வேரே டைப் செய்துவிடுகிறது, நாங்கள் திருத்துவதோடு சரி. லைனுக்குக் கிடைக்கும் காசு பாதியாகிவிட்டது. டாக்டர் முதலில் இடது முழங்கால் என்று சொல்லிவிட்டு, கடைசியில் வலது என்று முடித்தால் எனக்கு உறுத்தும், குறிப்பு வைத்துத்தான் அனுப்புவேன். இதனாலேயே என் லைன் கவுண்ட் குறைகிறது என்று டீம் லீடர் திட்டுவார். கணவர் மெடிக்கல் கோடிங் படிக்கச் சொல்கிறார், தம்பி டேட்டா சயின்ஸ் என்கிறான். ஆன்லைனில் பெர்சனாலிட்டி டெஸ்ட் எழுதினால் ‘நீங்கள் படைப்பாற்றல் மிக்கவர்’ என்று வருகிறது. எனக்கு எது வரும் என்றே புரியவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வணக்கம் சகோதரி. உங்கள் பயம் நியாயமானது. டாக்டரும் நோயாளியும் பேசுவதை நேரடியாகக் கேட்டுக் குறிப்பு எழுதும் மென்பொருள்கள் அமெரிக்க மருத்துவமனைகளுக்குள் வந்துவிட்டன. பேச்சை எழுத்தாக்குவதில் பெயர்போன நியூவான்ஸ் நிறுவனத்தை 2022-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியதும் மருத்துவத் துறையைக் குறிவைத்துத்தான். டாக்டர் தனியாக உட்கார்ந்து டிக்டேட் செய்வதே குறைந்துகொண்டு வருகிறது. திருத்தும் வேலையை வைத்து இன்னும் பத்து வருடம் ஓட்டிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் எது வரும் என்று தெரியவில்லை என்கிறீர்களே, அதை நான் ஏற்கவில்லை. இடது வலது முழங்கால் விஷயத்தை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். வேகமாகப் பேசினால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். இயந்திரம் மாற்றி எழுதினாலும் எழுத்துப்பிழை இருக்காது, பக்கம் சுத்தமாகத்தான் தெரியும். நோயாளிக்கு என்ன தொந்தரவு என்று மேலே படித்தவருக்குத்தான் சந்தேகம் வரும். காதில் சரியாக விழாத இடத்தில் ஊகித்து எழுதாமல் பிளாங்க் விடுவதும் உங்களுக்கு 13 வருடப் பழக்கம். மென்பொருளோ பல நேரம் எதையாவது போட்டு நிரப்பிவிடும். சுத்தமாகத் தெரியும் பக்கத்தில் தப்பைக் கண்டுபிடிக்கிற ஆளாக உங்களைப் பார்க்கத் தொடங்குங்கள். லைன் கவுண்டை வைத்து உங்களை எடைபோட்டது போதும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் நான்கே வரி: இன்று எந்தத் தப்பைப் பிடித்தேன், எந்த ஃபைலில் நேரம் போனதே தெரியவில்லை, எது எரிச்சலூட்டியது, யார் என்ன சந்தேகம் கேட்டு வந்தார்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நம்மிடம் எதற்காக வருகிறார்கள் என்பது உடன் வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் உள்ளவர்களின் பாசம் உண்மை, ஆனால் அவர்கள் நீங்கள் வேலை செய்வதைப் பார்த்ததில்லை.

இப்போது மெடிக்கல் கோடிங், அதாவது மருத்துவக் குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடும் வேலை. உடற்கூறும் மருத்துவச் சொற்களும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் ஐ.சி.டி.-10 என்ற நோய்க் குறியீட்டு முறையில் இருக்கிறது, நோய்களுக்கு மட்டும் சுமார் 70,000 கோடுகள். சி.பி.சி. என்ற கோடர் சான்றிதழ்த் தேர்வில் 4 மணி நேரத்தில் 100 கேள்விகள். படித்தால் நீங்கள் தேறிவிடுவீர்கள். என் தயக்கம் வேறு. அங்கேயும் நாளுக்கு இத்தனை சார்ட் (நோயாளியின் மருத்துவக் குறிப்பு) என்று டார்கெட் உண்டு. லைன் கவுண்ட்தான் உங்களை வாட்டுகிறது என்றால், சார்ட் கவுண்டும் வாட்டும். எளிய சார்ட்டுகளை மென்பொருளிடம் விடுவது அங்கும் தொடங்கிவிட்டது. மற்றவர்கள் போட்ட கோடுகளைச் சரிபார்க்கும் கோடிங் ஆடிட் உங்களுக்குப் பொருந்தும், ஆனால் அதற்கு முன் சில வருடம் கோடராக ஓட வேண்டும். அதற்கு மனசு தயாரா என்பதை நோட்டு சொல்லட்டும்.

உங்கள் வீட்டில் யாரும் சொல்லாத ஒன்று பார்மகோவிஜிலன்ஸ். மருந்து சாப்பிட்டவருக்குப் பக்கவிளைவு வந்தால் அந்தத் தகவலைப் படித்து, தேதி, டோஸ், வரிசை எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்து, நடந்ததைக் கோர்வையாக எழுதும் வேலை. உயிரியல் பட்டதாரிகளையும் பல நிறுவனங்கள் எடுக்கின்றன. ஆரம்பச் சம்பளம் இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம், அதை வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். டேட்டா சயின்ஸ் பக்கம் கைகாட்டும் எதுவும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தென்படவில்லை.

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். ‘வேலை நிச்சயம்’ என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கும் இன்ஸ்டிடியூட்டுகளிடம் அவசரப்பட்டுப் போகவும் வேண்டாம். ஐ.சி.டி.-10 கோடிங் விதிமுறைகளை அமெரிக்க அரசு இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் இருபது பக்கம் படியுங்கள். காஜியாபாத்தில் இருக்கும் இந்தியன் பார்மகோபியா கமிஷனின் தளத்தில் பக்கவிளைவைத் தெரிவிக்கும் படிவம் கிடைக்கிறது. அடுத்த ஞாயிறு, பெயர் இல்லாத ஒரு கற்பனை நோயாளிக்கு அதை நிரப்பிப் பாருங்கள். எதை முடிக்காமல் எழ மனம் வரவில்லை என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கோர்ஸ் ஃபீஸ் கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு போதும்.