டி டிரைவ் சிவப்பாகிவிட்டதே!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விண்டோஸ் ரெகவரி பார்ட்டிஷனைப் பற்றித்தான். விண்டோஸ் பழுதானால் அதைச் சரிசெய்யவோ மீண்டும் நிறுவவோ டிஸ்க்கில் தனியாக ஒதுக்கி வைத்த பகுதி அது. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஒன்று: பார்ட்டிஷனில் கை வைக்கும் முன், உங்கள் ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.

லேப்டாப்பில் 'ரெகவரி (டி)' என்று 15 ஜிபி டிரைவ் இருக்கிறது. சிவப்புக் கோடு, இடம் போதாது என்ற எச்சரிக்கை. எதை அழிக்கலாம்?

எதையும் அழிக்காதீர்கள். உள்ளே வைக்கும் இமேஜுக்கு (விண்டோஸின் முழு நகலுக்கு) அளவெடுத்துத்தான் அந்தப் பார்ட்டிஷனைப் போடுகிறார்கள். அது நிறைந்துதான் இருக்கும். நீங்களாக அதில் படமோ பேக்கப்போ போட்டிருந்தால் அதை மட்டும் வெளியே எடுங்கள். பிறகு விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் அந்த டிரைவின் எழுத்தை நீக்கிவிடுங்கள், எச்சரிக்கை நின்றுவிடும். 2018 ஏப்ரல் அப்டேட்டுக்குப் பிறகு, மறைந்திருந்த ரெகவரி பார்ட்டிஷனுக்கும் எழுத்து வந்து பலர் பதறினார்கள். அதற்கும் இதே வழிதான். டிஸ்க் மேனேஜ்மென்ட் விடவில்லை என்றால் மவுண்ட்வால் (mountvol) கட்டளையால் எழுத்தை எடுக்கலாம்.

ரெகவரி பார்ட்டிஷன் ஃபுல். என்ன செய்வது?

கடிதமே இவ்வளவுதான். எந்த விண்டோஸ், எத்தனை எம்பி, என்ன எர்ரர் என்று ஒன்றும் இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கேளுங்கள். ஊகத்தில் பதில் சொல்லி உங்கள் டிஸ்க்கைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

450, 550, 800 எம்பி என்று மூன்று ரெகவரி பார்ட்டிஷன்கள். எவற்றை நீக்கலாம்?

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ' (reagentc /info) கொடுங்கள். 'ஹார்ட்டிஸ்க்0, பார்ட்டிஷன்4' என்பது போல ஒரு வரி வரும். அதுதான் பயன்பாட்டில் இருப்பது. மற்றவை பெரும்பாலும் பழைய மிச்சம்: பெரிய அப்டேட் வரும்போது பழைய பார்ட்டிஷனில் இடம் போதாவிட்டால், விண்டோஸ் சி-யைச் சுருக்கி புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளும்.

மிச்சத்தை நீக்கினால் கிடைப்பது 1 ஜிபி. அது சி-க்கு இடப்பக்கம் இருந்தால் விண்டோஸின் கருவிகளால் சி-யோடு சேர்க்கவும் முடியாது. என்னைக் கேட்டால் அப்படியே விடுங்கள். நீக்கியே தீர வேண்டும் என்றால் டிஸ்க்பார்ட் (diskpart) என்ற கட்டளைக் கருவியில் 'டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு' (delete partition override). அது 'நிச்சயமா?' என்று ஒரு முறைகூடக் கேட்காது. டிஸ்க் எண் 0-இல் தொடங்கும், பார்ட்டிஷன் எண் 1-இல் தொடங்கும். இதில் குழம்பித்தான் பலர் சி-யை இழந்திருக்கிறார்கள். விண்டோஸ் பூட் ஆகத் தேவையான 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தொடவே கூடாது. முதலில் காப்பி.

விண்டோஸ் 10-இல் கேபி5034441 ஏறவே இல்லை. 80070643 என்று முடியும் எர்ரர் வருகிறது.

2024 ஜனவரியில் வந்த அப்டேட் அது. ரெகவரி வழியாக, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரைத் தாண்டிப் போகும் ஓட்டையை அடைக்க வந்தது. ரெகவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் வேண்டும். 500 எம்பி பார்ட்டிஷன் பலவற்றில் அது இல்லை. அந்த எர்ரரோ இடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. பிட்லாக்கர் போடாதவர்கள் இதற்காகப் பார்ட்டிஷனை உடைக்க வேண்டாம்.

போட்டிருந்தால் வரிசை முக்கியம். பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'ரீஏஜென்ட்சி /டிசேபிள்' (reagentc /disable). ரெகவரி ஃபைல் இப்போதுதான் சி-க்குள் நகரும். இதை விட்டுவிட்டுப் பார்ட்டிஷனை அழித்தால் அந்த ஃபைலும் போய்விடும். பிறகு சி-யை 250 எம்பி சுருக்கி, பழைய பார்ட்டிஷனை நீக்கி, சேர்ந்த இடத்தில் புதிதாக உருவாக்கி, ரெகவரிக்கான வகைக் குறியீட்டைக் கொடுத்து, 'ரீஏஜென்ட்சி /எனேபிள்' (reagentc /enable) செய்யுங்கள். குறியீடு விட்டுப்போனால் அது சாதாரண டிரைவாக வெளியே வந்து நிற்கும்.

18 ஜிபி ரெகவரி பார்ட்டிஷன் இருப்பதால் தனியாக பேக்கப் எடுக்கவில்லை. இப்போது ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம். படங்களை ரெகவரியிலிருந்து எடுக்க முடியுமா?

முடியாது. முதலில் லேப்டாப்பை அணையுங்கள். மீண்டும் மீண்டும் ஆன் செய்து பார்க்காதீர்கள், டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டாதீர்கள். முக்கியமான படங்கள் என்றால் டேட்டா ரெகவரி செய்பவரிடம் நேராகக் கொடுங்கள்.

இந்தக் கேள்வி மாதம் ஒரு முறையாவது வருகிறது. ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. அந்த 18 ஜிபியில் இருப்பது லேப்டாப் வாங்கிய அன்று இருந்த விண்டோஸ், டிரைவர்கள், கம்பெனி சேர்த்துக் கொடுத்த சில புரோகிராம்கள். உங்கள் படம் ஒன்றுகூட அதில் கிடையாது. அதோடு, அது இருப்பதும் அதே டிஸ்க்கில். டிஸ்க் போனால் சி-யும் போகும், ரெகவரியும் போகும்.

இதைவிடக் கொடுமை, ரெகவரியை ஓட்டினால் எல்லாம் திரும்பிவிடும் என்று நம்புவது. ஃபேக்டரி ரெகவரி பெரும்பாலும் சி-யைத் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். என் பக்கத்து வீட்டில் விண்டோஸ் பூட் ஆகவில்லை என்று லேப்டாப்பை ஒரு கடையில் கொடுத்தார்கள். டிஸ்க் நன்றாகவே இருந்தது. கேட்காமல் கொள்ளாமல் ஃபேக்டரி ரெகவரியை ஓட்டிக் கொடுத்துவிட்டார்கள். குழந்தை பிறந்ததிலிருந்து ஆறு வருடப் படங்கள் போயின. அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் காப்பி எடுத்திருக்கலாம். கடையில் கொடுக்கும்போது 'டேட்டா வேண்டும், அழிக்கக் கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

பேக்கப் என்றால் வேறு டிஸ்க். ஒரு டிபி எக்ஸ்டர்னல் ஒன்று போதும். காப்பி எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள்.

விண்டோஸ் 7-இலிருந்து 10-க்கு மாறிவிட்டேன். பழைய 15 ஜிபி ரெகவரி தேவையா?

தேவையில்லை. அது கொண்டு வருவது 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்த விண்டோஸ் 7-ஐத்தான். 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 10-ஐ நிறுவும் இன்ஸ்டால் மீடியா செய்து, அது பூட் ஆகிறதா என்று பார்த்த பிறகு நீக்குங்கள். ரீஏஜென்ட்சி அந்தப் பார்ட்டிஷனைக் காட்டவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரில் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அடுத்து என்ன என்று இப்போதே யோசியுங்கள்.

எல்லா ரெகவரியையும் நீக்கினால் விண்டோஸ் ஓடுமா?

ஓடும். பூட் ஆகாத நாளில்தான் பென்டிரைவைத் தேடுவீர்கள்.

காலி இடம் இருந்தும் சி-யில் 'எக்ஸ்டெண்ட்' மங்கலாக இருக்கிறது.

சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெகவரி நிற்கிறது. நான்காவது கேள்விக்குச் சொன்னபடி டிசேபிள் செய்து நீக்குங்கள். பிறகு சி-யை நீட்டும்போது கடைசியில் 1 ஜிபி விட்டு வைத்து, அதில் ரெகவரியைத் திரும்பப் போடுங்கள். அதற்கும் முன்னால், காப்பி.