விசர் இல்லை ரீச்சர், குளிசைதான் பிரச்சினை

கேள்வி: மானிப்பாயில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை நான். வயது 58. நாட்டு நிலைமை குழம்பும் போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் விறைக்கின்றன, வயிறு ஊதுகிறது, முடி கொட்டுகிறது. செம்மணியில் மனிதப் புதைகுழி தோண்டிய படங்களைப் பார்த்ததிலிருந்து நித்திரை இல்லை. இரண்டு தரம் ஈசிஜி எடுத்தும் பிழை இல்லை என்கிறார்கள். 95 போரில் ஓடியது போலத் திரும்ப ஓட வேண்டி வருமோ என்று பையைக் கட்டி வாசலடியில் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அக்காவின் அல்பிரசோலம் குளிசையில் பாதி போட்டுப் பார்த்தேன். பிறகு கடையில் டொக்டரின் துண்டு இல்லாமலே வாங்கினேன். இப்போது இரவில் இரண்டு, பகலில் ஒன்று. ஒருநாள் குளிசை முடிந்துபோய், கை நடுங்கி, வேர்த்து, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டேன். எனக்கு விசர் பிடிக்கப் போகிறதா டொக்டர்?

பதில்: பிடிக்காது, ரீச்சர். உங்களுக்கு இருப்பது பதகளிப்பு, அதாவது அளவுக்கு மிஞ்சிய பயமும் படபடப்பும். அது முற்றி விசராவதில்லை. விசர் வேறு, இது வேறு. அந்தக் கேள்விக்கு முந்திய வரியைத்தான் நான் இரண்டாம் தரம் வாசித்தேன். குளிசை முடிந்த அன்று கை நடுங்கியது, வேர்த்தது, திடுக்கிட்டீர்கள்.

நோய் கூடிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அடுத்த நாள் வாங்கிப் போட்டதும் அடங்கியிருக்கும். இது இல்லாமல் இனி ஏலாது என்றும் முடிவெடுத்திருப்பீர்கள். அந்த நடுக்கத்தை நாட்டு நிலைமையின் தலையில் போடாதீர்கள். உங்கள் உடம்பு அல்பிரசோலத்துக்குப் பழகிவிட்டது. மூளையின் பரபரப்பை அடக்கும் குளிசை அது. சில கிழமைகள் தொடர்ந்து போட்டால் மூளை அந்த அடக்கலுக்குப் பழகி, அதே நித்திரைக்குக் கூடுதல் அளவு கேட்கும். பாதி ஒன்றாகி, ஒன்று இரண்டானது அப்படித்தான். திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பும்: நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை, சிலருக்கு வலிப்பும் வரும். அல்பிரசோலம் உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடுகிற வகை. அதனால்தான் ஒருநாள் தவறியதற்கே இந்தப் பாடு.

ஆகவே இதை வாசித்துவிட்டு வீராப்பாகக் குளிசை மட்டையைக் குப்பையில் எறிய வேண்டாம். கூட்டவும் வேண்டாம். இப்போது போடும் அளவிலேயே நின்றுகொண்டு, இந்தக் கிழமைக்குள் கிளினிக்குக்குப் போங்கள். யாழ் போதனா வைத்தியசாலை உங்களுக்குக் கிட்ட, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையும் பெரிய தூரமில்லை. இரண்டிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசும் இல்லை. வெறும் மட்டையைக் கையோடு கொண்டு போங்கள். எத்தனை போடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கத்தில் ஒன்றைக் குறைத்துச் சொன்னால் கணக்குப் பிழைத்துவிடும். அளவைப் பல கிழமைகள் எடுத்துச் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். பதகளிப்புக்கு இப்படிப் பழக்கமாகாத மருந்துகளும் உண்டு. அந்தக் கிளினிக்குக்குப் போனால் ஊர் என்ன கதைக்கும் என்றுதானே யோசிக்கிறீர்கள்? ஊர் ஏற்கெனவே அங்கே வரிசையில்தான் நிற்கிறது. அதுவரை இரவில் எழும்பும்போது எதையாவது பிடித்துக்கொண்டு எழும்புங்கள். இந்தக் குளிசை போட்டவர்கள் விழுந்து இடுப்பை முறிப்பது புதுக்கதை இல்லை.

துண்டு கேட்காமல் எடுத்துத் தந்த கடைக்காரரைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இங்கே அச்சிட மாட்டார்கள்.

சரி, மற்றவை. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, விரல் விறைக்கிறது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் அடங்கிவிடும். விரல் விறைத்தால் மாரடைப்பு என்று வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை. நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சை அமுக்கி, கைக்கோ தாடைக்கோ வலி ஓடி, குளிர்ந்து வேர்த்தால் மட்டும் யோசிக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். வயிறு ஊதுவதும் முடி கொட்டுவதும் இருக்கட்டும். தைரொயிட் சோதனை செய்ததாக நீங்கள் எழுதவில்லை. அதை ஒரு தரம் செய்துவிடுங்கள்.

பையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கட்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது உங்களுக்கு 28 வயது இருந்திருக்கும். அந்த வழியில்தான் செம்மணியும் இருக்கிறது. அங்கே 2025இல் தோண்டிய படங்களைப் பார்த்து நித்திரை குழம்பியதை நான் நோய் என்று எழுத மாட்டேன். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் ஒரு பையில் இருப்பது நல்லதுதான். தினமும் இரவில் அவிழ்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டுகிறீர்களா என்பதுதான் என் கேள்வி. அப்படியென்றால் பையை அலுமாரிக்குள் வைத்துவிட்டு மாதத்துக்கு ஒரு தரம் பாருங்கள்.

செய்தியைக் காலையில் பேப்பரில் பாருங்கள், பின்னேரம் ஒரு தரம் வானொலியில் கேளுங்கள், போதும். சாப்பிட்ட பிறகு யூடியூப் வேண்டாம். கலவரம் வரும், தட்டுப்பாடு வரும் என்று இரவிரவாகக் கத்துகிறவர்கள் பார்வையாளர் கணக்குக்குக் கத்துகிறார்கள். 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டு, ஜூலையில் சனாதிபதி நாட்டை விட்டுப் போன நாட்களிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தவர்களில் அநேகருக்கு இதயத்தில் ஒன்றுமில்லை; போனில் இருந்ததுதான் பிரச்சினை. கனடாவில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அங்கே மத்தியானம் சாப்பிட்டுவிட்டு 'அங்கை என்ன நடக்குது' என்று எடுக்கும்போது இங்கே நடுச்சாமம்.

உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு எப்போதாவது வந்தால் கிளினிக் நாள் பார்க்க வேண்டாம். மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்கள், எந்த நேரமும் எடுக்கலாம்.

அப்புறம் உங்கள் அக்கா. அந்தக் குளிசையை அவருக்கு யார், எப்போது எழுதினார்கள், எத்தனை வருடமாகப் போடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.