பழைய கம்ப்யூட்டருக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு? வாசகர் கேள்வி - பதில்

கே: ஆபீஸில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 வாங்கினேன். ஒல்லியான பெட்டி, ஐ5-3470, 8 ஜி.பி. ரேம். பையன் கேம் விளையாட கார்டு கேட்கிறான். ஜி.டி.எக்ஸ். 1650 போடலாமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

ப: கார்டைத் தேடும் முன் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். இந்த ஒல்லி மாடலில் இருப்பது 240 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். (கரண்ட் தரும் சப்ளை). கார்டுக்கென்று தனியாக 6 பின் ஒயர் அதில் வராது. ஸ்லாட் (மதர்போர்டில் கார்டைச் செருகும் இடம்) தரும் கரண்டிலேயே ஓடும் கார்டுதான் உங்களுக்கு. ஸ்லாட்டின் உச்சவரம்பு 75 வாட்ஸ். 1650 அந்த வரம்புக்குள் வரும், ஆனால் சில கம்பெனி மாடல்களில் 6 பின் சாக்கெட் வைத்திருக்கிறார்கள். அதை வாங்கிவிடாதீர்கள்.

அடுத்தது உயரம். முழு உயரக் கார்டு இந்தப் பெட்டியில் நிற்காது, லோ புரொஃபைல் எனும் குட்டைக் கார்டுதான் வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் குட்டைப் பிராக்கெட்டும் (கார்டைப் பெட்டியோடு திருகும் தகடு) கூட இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதைத்தான் தொலைத்திருப்பார்கள். லோ புரொஃபைல் 1650 இரண்டு ஸ்லாட் தடிமன். பக்கத்து ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும். இடமில்லை என்றால் ஒற்றை ஸ்லாட்டில் ஆர்.எக்ஸ். 6400 கிடைக்கும்: 4 ஜி.பி., 53 வாட்ஸ். இதற்கு நாலே லேன், அதாவது டேட்டா போகும் பாதை. உங்கள் மூன்றாம் தலைமுறை ஐ5 பி.சி.ஐ. 3.0 (ஸ்லாட்டின் வேகத் தலைமுறை) கொடுப்பதால் வேகம் கொஞ்சம் குறையும், சமாளிக்கலாம். இரண்டாம் தலைமுறை பிராசஸரில் 2.0தான், அங்கே டேட்டா போகும் வழி இன்னும் பாதியாகிவிடும். 16 லேன் உள்ள 1650தான் அங்கே சரிவரும்.

ஜி.டி. 1030 மலிவுதான், ஆனால் ஒரே பெயரில் இரண்டு விதம் உண்டு. ஜி.டி.டி.ஆர்.5 மெமரி உள்ளது நொடிக்கு 48 ஜி.பி. தள்ளும், டி.டி.ஆர்.4 உள்ளது 16.8 ஜி.பி.தான். இரண்டாவது கேமுக்கு உதவாது. டப்பாவைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். ஜி.டி. 710 பக்கம் போகவே வேண்டாம். 1050 டி.ஐ. நல்ல கார்டு, ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புது கேம் டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். 1650-க்கு அந்தச் சிக்கல் இல்லை.

பூட்டுவதற்கு முன் பயாஸை (மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) கடைசி வெர்ஷனுக்கு ஏற்றிவிடுங்கள். பழைய பயாஸில் புதுக் கார்டைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்பது உண்டு. ரேம் ஒரே குச்சியாக இருந்தால் 4 + 4 என்று ஜோடியாக்குங்கள்; பிராசஸர் மூச்சுவிடும். கார்டின் விலை நீங்கள் வாங்கிய பெட்டியின் விலையைத் தாண்டினால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கே: என்னுடையது அசெம்பிள் செட், எச்61 போர்டு. சப்ளை 500 வாட்ஸ், ஆர்.எக்ஸ். 580 தாராளமாக ஓடும் என்கிறார் கடை அண்ணாச்சி. செகண்ட் ஹேண்ட் கார்டு, விலையும் குறைவு. வாங்கலாமா?
- வாசகர், வள்ளியூர்

ப: வேண்டாம். ஸ்டிக்கரில் 500 என்று அச்சடிக்க மை போதும். பக்கத்து லேபிளில் +12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் சப்ளையில் 14 ஆம்பியர் போட்டிருந்தால், 12 x 14 = 168 வாட்ஸ். 580 மட்டுமே 185 வாட்ஸ் வரை இழுக்கும், அதன் மேல் பிராசஸர் வேறு. கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகும். மோலெக்ஸ் என்ற பழைய 4 பின் பிளக்கிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் ஒயரைப் போட்டால் இன்னும் மோசம், பிளக் உருகும்.

யு.பி.எஸ்.ஸையும் கணக்கில் சேருங்கள். 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட்ஸ்தான் தாங்கும். கரண்ட் போன நொடியில் ஓவர்லோடில் கத்திவிட்டு அணைந்துவிடும். நல்ல கம்பெனி 450 அல்லது 550 வாட்ஸ் சப்ளைக்கும் செலவழிக்க மனமிருந்தால் மட்டும் 580-ஐ யோசியுங்கள். அப்போதும் கடையிலேயே ஜி.பி.யு.-இசட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) ஓடவிட்டு ஷேடர் (கார்டின் கணக்கிடும் கூறு) எண்ணிக்கையைப் பாருங்கள்: 2304 இருக்க வேண்டும். 2048 என்றால் அது குறைந்த ரகம். பிறகு கார்டை முழு வேகத்தில் வேலைவாங்கும் ஃபர்மார்க் மென்பொருளை 15 நிமிடம் ஓட்டுங்கள். திரையில் புள்ளியோ கோடோ தெறித்தால், ஃபேன் கரகரத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கே: போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். ஐ7-4770, 8 ஜி.பி., ஹார்ட் டிஸ்க். 4கே கல்யாண வீடியோ எடிட்டிங்கில் திக்குகிறது. ஜி.டி. 1030 போதும் என்கிறார்கள்.
- வாசகர், பாளையங்கோட்டை

ப: 1030 வீடியோவை ஓட்டிக் காட்டும், ஆனால் அதில் என்கோடர் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் பகுதி) கிடையாது. ஆர்.எக்ஸ். 6400-இலும் இல்லை. எக்ஸ்போர்ட் முழுக்கப் பிராசஸர் தலையில்தான் விழும். 1650, அல்லது 6 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3050 (70 வாட்ஸ்) பாருங்கள். ஆனால் முதல் செலவு கார்டு இல்லை. எடிட் செய்யும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும், எஸ்.எஸ்.டி.யும் 16 ஜி.பி. ரேமும் போட்ட பிறகும் திக்கினால் கார்டுக்குப் போங்கள். கேமராவில் 4:2:2 10 பிட் (கூடுதல் வண்ண விவரம் பதியும் முறை) வைத்து எடுக்கிறீர்களா? அதை 1650, 3050 இரண்டாலும் டீகோட் செய்ய முடியாது, பிராக்ஸி (எடிட்டுக்கான சிறிய நகல்) உருவாக்கித்தான் எடிட் செய்ய வேண்டும்.

கே: புதுக் கார்டில் வி.ஜி.ஏ. சாக்கெட்டே இல்லை. மானிட்டரைத் தூக்கிப்போட வேண்டுமா?
- வாசகி, தென்காசி

ப: வேண்டாம். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வாங்குங்கள். உள்ளே சிப் இல்லாத வெறும் கேபிள் வேலை செய்யாது. மானிட்டர் ஒயரை மதர்போர்டில் குத்திவிட்டு கார்டு ஓடவில்லை என்பவர்களும் நிறைய. கார்டின் சாக்கெட்டில்தான் குத்த வேண்டும்.

கே: ஐப்பசி மழைக்குப் பிறகு டிஸ்பிளே வரவில்லை. பீப் மட்டும் கேட்கிறது.
- வாசகர், உவரி

ப: கடல்காற்றின் உப்பும் ஈரமும் கார்டின் பொன்னிற விளிம்பில் படிந்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திவிட்டுக் கார்டை எடுங்கள். வெள்ளை ரப்பரால் விளிம்பை மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ஸ்லாட்டை பிளோயரால் ஊதி, பத்து நிமிடம் உலரவிட்டு, கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்திச் செருகுங்கள். ரேமுக்கும் இதே வைத்தியம். பீப் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.