வார் ஃபைல் ஏறவில்லையா? வைல்ட்ஃபிளை கேள்வி பதில்

கேள்வி: ஜாவா ஆப்களை ஓட்டும் சர்வரான வைல்ட்ஃபிளை 26இல் நன்றாக ஓடிய வார் ஃபைல் (ஒரு வெப் ஆப்பை மொத்தமாகக் கட்டிய ஃபைல்), 30க்குப் போனதும் ஏறவில்லை. 'ஜாவாக்ஸ் சர்வ்லெட்' வகுப்பைக் காணோம் என்கிறது. கோடில் ஒரு வரிகூடத் தொடவில்லை.

பதில்: தொடாததுதான் காரணம். 2020இல் வந்த ஜகார்த்தா இஇ 9 (ஜாவா சர்வர் ஆப்களுக்கான பொது விதிமுறைத் தொகுப்பு), ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்களை ஜகார்த்தா என்று மாற்றியது. வைல்ட்ஃபிளை 27 முதல் பழைய பெயர் செல்லாது. கோடில் உள்ள இம்போர்ட் வரிகளை மாற்றுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஃபைண்ட்-ரீப்ளேஸ் போடாதீர்கள். ஜாவாக்ஸ் எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ் நேமிங் இரண்டும் ஜாவாவோடு வரும் அடிப்படைத் தொகுப்பான ஜேடிகேயின் சொத்து, பெயர் மாறவில்லை. அவற்றையும் மாற்றிவிட்டால், டேட்டாபேஸ் இணைப்பைத் தரும் டேட்டாசோர்ஸ் வரியில் கம்பைல் ஆகாது. அப்புறம், ஆப்பில் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் 5 இருந்தால் 6க்குப் போயாக வேண்டும். அதற்கு ஜாவா 17 தேவை.

கேள்வி: 'கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61, இங்கே 55 வரைதான்' என்று வருகிறதே?

பதில்: 61 என்றால் ஜாவா 17, 55 என்றால் ஜாவா 11. பில்ட் மெஷினில் புதியது, சர்வரில் பழையது. எந்த ஜாவாவில் ஓட வேண்டும் என்று சொல்லும் ஜாவா ஹோம் செட்டிங் சர்வரில் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள்.

கேள்வி: லாக் நானூறு வரி ஓடுகிறது அக்கா. எங்கிருந்து படிப்பது?

பதில்: முதலில் வந்த எரரைப் பிடியுங்கள். அதற்குள் கடைசியாக இருக்கும் 'காஸ்டு பை' வரிதான் பெரும்பாலும் விஷயம். மற்றதெல்லாம் அதன் எதிரொலி. 0180 என்ற எண்ணோடு ஒரு வரி வந்தால், எந்த சர்வீஸ் கிடைக்கவில்லை என்று அதிலேயே பெயர் இருக்கும். அதில் டேட்டாசோர்ஸ் பெயரைக் கண்டால், ஆப்பின் டேட்டாபேஸ் செட்டிங் ஃபைலான பெர்சிஸ்டன்ஸ் எக்ஸ்எம்எல்லில் எழுதியதையும் சர்வரில் கொடுத்த ஜேஎன்டிஐ பெயரையும் (ஆப் அதைத் தேடும் பெயர்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் கிடைக்காது. லாக் கைக்கு எட்டவில்லையா? டிப்ளாய்மென்ட்ஸ் ஃபோல்டரில் வார் பெயரோடு 'ஃபெயில்டு' என்று ஒரு ஃபைல் உருவாகியிருக்கும். திறந்து பாருங்கள், காரணம் உள்ளேயே இருக்கும்.

கேள்வி: டிப்ளாய் செய்யும்போது 300 செகண்டில் டைம்அவுட் ஆகிறது. நேரத்தைக் கூட்டலாமா?

பதில்: இப்போது வேண்டாம். யாரோ எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறார்கள், அது யார் என்று முதலில் தெரிய வேண்டும். டிப்ளாய் தொங்கும்போதே, ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜேஸ்டாக் எடுங்கள். ஆப் ஏறும்போதே ஓடும் ஸ்டார்ட்அப் சிங்கிள்டன் பீன் ஒன்று, எட்டாத டேட்டாபேஸையோ வெளி சர்வீஸையோ கூப்பிட்டுவிட்டு நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சாக்கெட் கனெக்ட் என்று ஒரு த்ரெட் நின்றால், அந்த மெஷினிலிருந்து அந்த போர்ட்டுக்கு வழி இருக்கிறதா என்று நெட்வொர்க் ஆட்களிடம் கேளுங்கள்.