வேர்டு ஃபுட்டரில் கோப்பின் பெயரும் தேதியும் தானாக வர என்ன செய்வது?

கையால் தட்டச்சு செய்ய வேண்டாம், ஃபீல்டு (தகவலை வேர்டே தானாக நிரப்பும் இடம்) போடுங்கள். பக்கத்தின் அடி ஓரத்தில் இருமுறை கிளிக் செய்தால் ஃபுட்டர் திறக்கும். இன்சர்ட் தாவலில் குவிக் பார்ட்ஸ், அதற்குள் ஃபீல்டு. பட்டியலில் ஃபைல்நேம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டுமா? அங்கேயே 'ஆட் பாத் டு ஃபைல்நேம்' கட்டத்தில் டிக் போடுங்கள்.

தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'டேட்' என்பது இன்றைய தேதி. மார்ச்சில் எழுதிய கடிதத்தை ஜூனில் திறந்து அச்சடித்தால் ஜூன் தேதிதான் விழும்! அலுவலகக் கடிதத்தில் இது வம்பு. கடிதத்துக்கு 'கிரியேட்டேட்' (கோப்பை உருவாக்கிய தேதி), அடிக்கடி திருத்தும் வரைவுக்கு 'சேவ்டேட்' (கடைசியாகச் சேமித்த தேதி) போடுங்கள்.

அப்புறம், கோப்பை வேறு பெயரில் சேமித்த பிறகும் பழைய பெயரே தெரிந்தால், அதன்மேல் கிளிக் செய்து எஃப்9 விசையை அழுத்துங்கள்.